சகலை வீட்டு மினுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளமேட்டின் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஆண்கள் குனிந்துதான் இருப்பார்கள். ஒருவர் சக்கரத்தின் இடுக்கில் தூரிகை விட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர் கதவின் விளிம்பைத் துணியால் ஒற்றிக்கொண்டிருப்பார். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் எல்லோருடைய ஒரு கண்ணும் பக்கத்து வீட்டு வண்டியின் மேல் இருக்கும்.

வண்டி என்றால் பந்தயக்கார். அதை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்ட முடியாது என்பது வேறு விஷயம். சாலைகளுக்கு அறிவு வந்ததிலிருந்து வேகத்தைச் சாலையே பார்த்துக்கொண்டது. தரைக்கடியில் பதித்த வழிநடத்தி, பால் வண்டியையும் பள்ளி வண்டியையும் பந்தயக்காரையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினுக்குள் எத்தனை குதிரைகளை அடைத்து வைத்திருந்தாலும் அவினாசி சாலையில் காய்கறி வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தே தீர வேண்டும். வேகத்தில் பெருமை இல்லை என்று ஆனபிறகு மனிதனுக்குப் பெருமைப்பட வேறு ஏதாவது வேண்டுமே. மினுக்கு மிச்சம் இருந்தது.

ரித்தீஷுக்கு அதில்தான் பேர். பம்புசெட் தொழிற்சாலை வைத்திருந்தார், ஐம்பதைத் தாண்டியவர். ஆயுத பூஜைக்கு அவினாசி சாலைத் திடலில் நடக்கும் மினுக்குப் போட்டியில் கோப்பை வருஷா வருஷம் அவருடைய மைநீல வண்டிக்கே போனது. பம்புசெட் ரித்தீஷ் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மினுக்கு ரித்தீஷ் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அவருடைய முறை தனி. வெயில் ஏறுவதற்குள் போர்டிகோ நிழலில் வேலையை முடித்துவிட வேண்டும்; சூடான தகட்டில் தண்ணீர் காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை விழும். நுரைக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. ஒரே வாளியில் முக்கி அதே வாளியில் அலசுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். குடும்ப மானம் போன கதையைச் சொல்கிறவர் அப்படித்தான் பேசுவார். கழுவி முடித்ததும் களிமண் கட்டியைத் தகட்டின் மேல் வழுக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத தார்ப் பொடியை எடுப்பார். கடைசியில் பனைமெழுகு. மெழுகை வட்டம் வட்டமாகத் தேய்க்கிறவன் வண்டி வைத்துக்கொள்ளவே லாயக்கில்லை என்பது அவர் கட்சி. நீளவாக்கில், ஒரே திசையில் இழுக்க வேண்டும்.

மெழுகு வெறும் அழகுக்கு அல்ல. அப்போது எல்லா வண்டிகளுக்கும் விழிநாடிப் பூச்சுதான். அதில் தூசியைவிடச் சிறிய ஆடித்துகள்கள் கோடிக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கீல். மனிதக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஒரு துளி திரும்பி வெளியே வரும். பழைய புகைப்படங்களில் கண் சிவப்பாக விழுந்திருக்குமே, அது அந்தத் துளிதான். துகள்கள் அதை மோப்பம் பிடித்து, கீலில் திரும்பி, கிடைத்த வெயிலையெல்லாம் அந்தக் கண்ணுக்கே அனுப்பும். எங்கே நின்று பார்த்தாலும் வண்டி உங்களுக்காகவே ஏற்றி வைத்தது போல எரியும். உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கும் அவருக்காகவே எரிவதாகத் தெரியும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. திரும்பித் திரும்பிக் கீல் தேயும். பார்க்கப் பார்க்க மினுக்கு குறையும். மெழுகுதான் கீலுக்கு எண்ணெய். யாரும் பார்க்காத நேரத்தில் உறை போட்டு மூடினால் கீல் ஓய்வெடுத்துத் தேறிக்கொள்ளும். பூச்சுக் கம்பெனி இதற்குப் 'பார்வைத் தேய்மானம்' என்று பேர் வைத்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பேர் தேவைப்படவில்லை. கண்ணு படுறது என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது. இத்தனை காலம் சொல்லிவந்ததை விஞ்ஞானம் இப்போதாவது ஒத்துக்கொண்டதே என்று மகிழ்ந்துபோய், வண்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். பக்கத்தில் கோர முகம் எழுதிய பூசணிக்காயை வைத்தார்கள். பூசணியைப் பார்க்கிற கண் அந்த நேரத்துக்கு வண்டியைப் பார்க்காது என்பதால் அது வேலையும் செய்தது. ஆசையாகப் பார்த்தாலும் பொறாமையாகப் பார்த்தாலும் தேய்மானம் ஒன்றுதான் என்று கம்பெனி விளம்பரம் போட்டுச் சொல்லிப் பார்த்தது. யாரும் நம்பவில்லை. பொறாமைக் கண் கூடுதலாக அரிக்கும் என்பதில் ஊரே உறுதியாக இருந்தது.

ரித்தீஷும் உறுதியாக இருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் வீடும் அவருடைய சகலை நிதிலனின் வீடும் ஒரே மதிலுக்குள் எதிரெதிரே இருந்தன. மாமனார் இரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரி கட்டிக் கொடுத்தவை. மூத்தவள் பூர்விகா ரித்தீஷின் மனைவி. இளையவள் கனிஷ்கா நிதிலனின் மனைவி. நிதிலன் பல் டாக்டர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். இத்தனை வருஷமும் ஊர்ப் பொதுவண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். அதுவரை ரித்தீஷுக்கு அவன்மேல் அளவு கடந்த பிரியம் இருந்தது.

ஆவணியில் நிதிலன் ஒரு பந்தயக்கார் வாங்கினான். செம்பு நிறம். புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்த குடத்தின் நிறம். பூச்சும் அந்த வருஷம்தான் வந்த புது ரகம். வண்டி மதிலுக்குள் நுழைந்தபோது பூர்விகா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் இருந்த ஈரப் புடவையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்களே. கனி வீட்டு வண்டி. கண்ணுலயே நிக்குது."

ரித்தீஷ் வந்து பார்த்தார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து பூர்விகா அவருடைய நீல வண்டியைப் பற்றி 'நல்லாருக்குது' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அதே 'நல்லாருக்குது'தான். இன்றைக்குப் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கூடத் தெரியாமல் நிற்கிறாள். இந்த வருஷம் கோப்பை எந்த வீட்டுக்குப் போகும் என்பது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோனது. கோப்பை எதிர் வீட்டு அலமாரியில் இருக்க, அதை விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொண்டு அங்கே பாயசம் சாப்பிட வேண்டும். அதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் நிதிலன் தானாக வந்தான்.

"அண்ணா, மினுக்குல நீங்கதான் கிங்கு. இதுக்கு எந்த மெழுகு போடறதுன்னு சொல்லுங்ணா. எனக்கு ஒண்ணுந் தெரியாது."

"மெழுகா? புதுப் பூச்சுக்கு மெழுகே ஆகாது நிதிலா. துகளுக்கு மூச்சு முட்டிப் போயிரும்." வாய் தானாகப் பேசியது. "உறையும் போட்டறாத. காத்தாட, வெளிச்சத்துல நிக்கோணும். வெறும் தண்ணி ஊத்திக் கழுவு, போதும்."

"அட, வேலை மிச்சமாப் போச்சு. சரிங்ணா."

நம்பிவிட்டான். நம்புகிறவனை ஏமாற்றினால் தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். ரித்தீஷுக்கும் நின்றது. எதிரே செம்பு நிறத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. திரும்பினால் பூர்விகா காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

மெழுகு போடாமல் விட்டால் மட்டும் போதுமா? கீல் தேய வேண்டுமென்றால் கண் பட வேண்டும், நிறையப் பட வேண்டும். முதலில் தொழிற்சாலை ஆட்களை வரவழைத்தார். "நம்ம சகலை வண்டி, வந்து பாருங்கப்பா" என்று அவரே முன்னால் நின்று காட்டினார். அவர்கள் வாயைப் பிளந்து, "அடேயப்பா, உங்க நீலமெல்லாம் இதுக்கு முன்னால நிக்காதுங்க மொதலாளி" என்றார்கள். இரண்டு தடவை அதைக் கேட்டதும் ஆள் கூட்டி வரும் யோசனையைக் கைவிட்டார். அடுத்தவர் கண் எதற்கு? பொறாமைக் கண்தானே பலமாக அரிக்கும், அது தன்னிடமே வேண்டிய அளவு இருக்கிறதே.

மாடி பால்கனியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். காலைக் காபி அங்கே, கணக்கு வழக்கு அங்கே, தொழிற்சாலைப் பேச்சுவார்த்தையும் அங்கிருந்தே திரையில். எந்த வேலை நடந்தாலும் கண் மட்டும் கீழே செம்பின் மேல் இருக்கும். இமைப்பது கூட வீண் என்று தோன்ற ஆரம்பித்தது. முன்மூடியின் வளைவு, பின்சக்கரத்துக்கு மேல் தகடு புடைத்து அடங்கும் இடம், கதவோரம் மெலிதாக ஓடும் கோடு எல்லாம் மனப்பாடம். நீல வண்டியை அந்த ஆவணி முழுக்க ஒப்புக்குத்தான் கழுவினார். கை அங்கே தேய்க்கும், கண் இங்கே இருக்கும்.

நிதிலன் எதையும் கண்டுகொள்ளவில்லை. கனிஷ்கா ஒருநாள் கண்ணுக்கு வைக்கவென்று பூசணிக்காய் வாங்கி வந்தாள். அவன் அதைக் கூட்டு வைக்கச் சொல்லிவிட்டான்.

"பாக்கறதுக்குத்தான வாங்குனது கனி. பாத்தா பாத்துட்டுப் போறாங்க."

பூசணிக்காய்க் கூட்டு ரித்தீஷ் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதையும் பால்கனியில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

இத்தனையும் செய்து என்ன? செம்பு மங்கவில்லை. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. முன்பு வெயில் பட்டால் மின்னியது, இப்போது மேகம் மூடிய பகலிலும் கண்ணைக் கூசவைத்தது. அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மினுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. புரட்டாசி பிறந்தபோது அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மெழுகு இல்லாமல், உறை இல்லாமல், இத்தனை பொறாமையையும் தாங்கிக்கொண்டு ஒரு வண்டி இப்படி மின்னுகிறதென்றால் இவன் எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்து நினைத்து வெந்தார்.

ஒருநாள் பூர்விகா பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். "கனி வண்டி முன்ன மாதிரி இல்லீங்க. என்னமோ டல்லடிக்குது."

ரித்தீஷ் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தார். பெண்டாட்டி பரிதாபப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஆயுத பூஜையன்று திடலில் வண்டிகள் வரிசையாக நின்றன. இந்தப் போட்டிக்கு அளவுமானி கிடையாது. கருவிக்குக் கண் இல்லாததால் துகள்கள் அதற்குத் திரும்புவதில்லை. மனிதர்கள்தான் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நடுவர்கள் ஒவ்வொரு வண்டியாக நடந்து வந்தார்கள். செம்பு வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ரித்தீஷுக்கோ அதைத் தவிர வேறு வண்டியே கண்ணில் படவில்லை. திடல் முழுக்க அது ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

கோப்பை நீல வண்டிக்கு என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள். ரித்தீஷ் மேடையில் ஏறி வாங்கினார். முகத்தில் சிரிப்பு வரவில்லை. இறங்கியதும் நடுவர் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"அந்தச் செம்பு வண்டிய நல்லாப் பாத்தீங்களா?"

"எந்தச் செம்புங்க?" நடுவர் வரிசையைத் தேடினார். "ஓ, அந்தப் பழுப்பா? அது பாவம், செத்துப் போச்சுங்க. எதுக்குக் கொண்டு வந்தாங்கன்னே தெரியல."

ரித்தீஷ் திரும்பிச் செம்பைப் பார்த்தார், அது எரிந்துகொண்டுதான் இருந்தது. தன்னை எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இனாமாகக் கிடைத்த கோப்பையைச் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார். தோற்றிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு காலை, கனிஷ்காவின் நச்சரிப்பு தாங்காமல் நிதிலன் பூச்சுக் கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியரை வரவழைத்திருந்தான். ஷிவானி என்று ஒரு பெண். தகட்டின் மேல் கீல்நோக்கியை வைத்து, மூலைக்கு மூலை பார்த்தாள். இரண்டு வீட்டாரும் போர்டிகோவில் கூடியிருந்தார்கள்.

"துகள் எல்லாம் உயிரோடதாங்க இருக்குது. ஆனா யாருக்கும் திரும்ப மாட்டேங்குது. மெழுகு போடறதில்லீங்களா?"

நிதிலன் ஒரு கணம் ரித்தீஷைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"இல்லீங்க. நான் கொஞ்சம் சோம்பேறி. நானாத்தான் விட்டுட்டேன்."

பூர்விகா கணவரைப் பார்த்தாள். ரித்தீஷ் தன் செருப்பைப் பார்த்தார்.

"அதான் இப்படி ஆயிருக்குது" என்றாள் ஷிவானி. "இது புது ரகம், பழகற துகளுங்க. எண்ணெயும் ஓய்வும் இல்லாம கீல் தேய ஆரம்பிச்சா, மிச்சமிருக்கற பலத்த எல்லாருக்கும் பங்கு போடாது. யாரு ரொம்ப அதிகமாப் பாத்தாங்களோ அவங்க கண்ணுக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கும். மத்தவங்கள விட்டுரும். ஓனர மனசுல வெச்சுத்தான் கம்பெனில அப்படிச் செஞ்சாங்க. நீங்க முன்னால வந்து நில்லுங்க டாக்டர்."

நிதிலன் நின்றான். அவன் முகத்தில் வெளிச்சம் ஒன்றும் விழவில்லை.

"உங்க வண்டிய நீங்களே பாக்கறதில்லீங்களா?"

"உள்ள உக்காந்து போறவனுக்கு வெளிய எப்படித் தெரியுமுங்க?"

கனிஷ்கா நின்றாள். கன்னத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு வந்து மறைந்தது. பூர்விகா நின்றாள், அதுவும் இல்லை. ஷிவானி ரித்தீஷைப் பார்த்தாள்.

"எனக்கெதுக்குங்க, நான் எதுத்த வீடு" என்றார் ரித்தீஷ். "ஃபேக்டரிக்கு வேற நேரமாச்சு."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்றாள் பூர்விகா.

வேறு வழியில்லாமல் போய் நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க சார்."

திறந்தார். வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடிக்கணக்கான கீல்கள் ஒன்றாகத் திரும்பின. வண்டி மற்றவர்கள் கண்ணுக்குப் பழுப்பாகவே இருந்தது. ஆனால் போர்டிகோ நிழலில் ரித்தீஷின் முகம் மட்டும் பற்றிக்கொண்டது. நெற்றி, கன்னம், நரைத்த மீசை எல்லாம் செம்பு நிறம். கண்மணிகள் இரண்டும் ஜொலித்தன. அவர் தலையைத் திருப்பினார், வெளிச்சமும் கூடவே திரும்பியது. கையால் முகத்தை மறைத்தார். விரல் இடுக்கில் புகுந்தது.

"இத்தன சுத்தமா ஒரே கண்ணுக்குப் பழகுனத நான் பாத்ததே இல்லீங்க" என்றாள் ஷிவானி. "பொழுது பூரா பாத்திருக்கோணும், நாள் தவறாம."

ரித்தீஷுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. குட்டு உடைந்துவிட்டது, மெழுகு விஷயமும் சேர்ந்து வரப்போகிறது, இனி இந்த மதிலுக்குள் தலைகாட்ட முடியாது என்று காத்திருந்தார். கனிஷ்காவின் கண் கலங்கியிருந்தது.

"மாமா, எங்க வண்டி மேல உங்களுக்கு இத்தன ஆசையா? ஒரு வார்த்த சொல்லலீங்களே."

ஆசைக் கண்ணையும் பொறாமைக் கண்ணையும் பிரித்துச் சொல்ல அந்தக் கீலால் முடியாது. கம்பெனி அதைத்தான் அத்தனை நாளும் விளம்பரம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. நிதிலன் வந்து ரித்தீஷின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான்கூட இப்படிப் பாக்கல பாருங்ணா."

"இத உரிச்சுட்டுப் புதுப் பூச்சு போட்டா சரியாயிரும்" என்றாள் ஷிவானி.

"உரிச்சிருங்க" என்றார் ரித்தீஷ் அவசரமாக. "இன்னைக்கே உரிச்சிருங்க."

"வேண்டாமுங்க" என்றான் நிதிலன். "உரிச்சா அண்ணனுக்கும் போயிருமில்ல? நமக்கெல்லாம் பழுப்பா இருந்தா என்ன, ஓடுது. ஒருத்தரு கண்ணுக்காவது மின்னட்டும். இது எத்தன நாளைக்கு வருமுங்க?"

"ஒரே ஒரு கண்ணுக்குத் திரும்பறதுல கீல் தேயறதே இல்லைன்னு வெச்சுக்குங்க. சார் இருக்கற வரைக்கும் இருக்கும்."

மறுநாளிலிருந்து நிதிலன் வண்டியைப் பின்னோக்கி விட்டு, பால்கனிக்கு நேராக முகம் காட்டி நிறுத்த ஆரம்பித்தான். ரித்தீஷ் நாற்காலியைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றிப் பார்த்தார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேரும் பழத்தோடு வந்துவிட்டார்கள். அவர்கள் போனதும் பூர்விகா நாற்காலியைத் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டாள். காபியைக் கையில் கொடுத்தாள்.

"மெழுகு ஆகாதுன்னு நீங்க சொன்னப்ப நான் வாசல்லதான் நின்னுட்டிருந்தனுங்க. அவங்க பாசம்னு நெனச்சுட்டாங்க. அப்படியே நெனச்சுட்டுப் போகட்டும். நீங்க உக்காந்து பாருங்க."

அவர் உட்கார்ந்தார். தன் நீல வண்டியைப் பார்க்க முயன்றார். அது ஒரு நீல வண்டியாக நின்றது. கண் தானாக எதிர்ப்பக்கம் போனது. கீழே நிதிலன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்து, செம்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணா, அங்கிருந்து நல்லாத் தெரியுதுங்களா?"

ரித்தீஷின் முகமெல்லாம் செம்பு வெளிச்சமாக இருந்தது.

"தெரியுது நிதிலா" என்றார். "ரொம்ப நல்லாத் தெரியுது."